கடலோர வீட்டுக்கு ‘ஆல் சாலிட்’ கிட்டார் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு 28 வயது. தூத்துக்குடியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது இருப்பது 7,000 ரூபாய்க்கு வாங்கிய பிளைவுட் கிட்டார். ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் கம்பியை அழுத்தவே முடியவில்லை. சத்தமும் டப்பாவில் தட்டுவது போல இருக்கிறது. 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஒரு ‘ஆல் சாலிட்’ கிட்டார் 36,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேலே ஸ்ப்ரூஸ், பின்னாலும் பக்கங்களிலும் மஹோகனி, எல்லாமே முழு மரம், பிளைவுட் எங்கேயும் கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். என் மாஸ்டர், “வாங்கினால் ஆல் சாலிட் வாங்கு, வயசாக வயசாகச் சத்தம் திறந்துகொள்ளும்” என்கிறார். நண்பன், “டாப் மட்டும் சாலிட்டாக இருந்தால் போதும், இருபதாயிரத்தில் முடித்துவிடலாம்” என்கிறான். எங்கள் வீடு கடலில் இருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மாடி வீடு, மேலே வெறும் காங்கிரீட் தளம். வாங்கலாமா, வேண்டாமா? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்:

தம்பி, மரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். கையால் அழுத்த முடியவில்லை என்பதற்கு ஒரே ஒரு வரி. இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் பழுது பார்ப்பவன் என்ற முறையில் அந்த ஒரு வரியில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் சேமிப்பை அதுதான் காப்பாற்றப் போகிறது.

ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரை ஒழுங்காக டியூன் செய்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) மேல் ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் மெல்லிய முதல் கம்பியையும் அதே போல அளந்துகொள்ளுங்கள். ஆறாவது கம்பி 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பி 2 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் கை நோகாமல் வாசிக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கிட்டாரில் அது 4 மில்லிமீட்டரை நெருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம்.

இன்னொரு சோதனை. ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே அது எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், நட்டில் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு) பள்ளங்கள் போதிய ஆழத்துக்கு அறுக்கப்படவில்லை என்று பொருள். எஃப் கார்டு (பல கம்பிகளை ஒன்றாக அழுத்திச் சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வரவில்லை, எனக்கு விரல் பலம் போதாது என்று கிட்டாரை மூட்டை கட்டி வைத்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நட்டை அறுத்துக் கொடுத்த பத்தாவது நிமிடம் அவர்கள் கையில் எஃப் கார்டு ஒலித்ததை நான் பார்த்திருக்கிறேன். விரலில் ஒரு குறையும் இல்லாமல் அத்தனை மாதம் தங்களையே நொந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தமான விஷயம்.

விலை குறைந்த கிட்டார்கள் ஏன் இப்படி வருகின்றன? நட்டின் ஆறு பள்ளங்களையும் ஒவ்வொன்றாக அரத்தால் சரிசெய்து, சேடிலை (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற கட்டையின் மேல் கம்பிகள் உட்காரும் துண்டு) தேய்த்து, டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) திருகிக் கழுத்தின் வளைவைச் சீராக்கி, ஃப்ரெட் முனைகளை மழுக்க ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் தொழிற்சாலை முதலில் கை வைப்பது அந்த நேரத்தில்தான். கம்பி தாழ்வாக இருந்து ஃப்ரெட்டில் பட்டு இரைந்தால் கிட்டார் திரும்பி வந்துவிடும். உயரமாக இருந்தால் வாங்கியவர் பொறுத்துக்கொள்வார். ஆகவே உயரமாகவே விட்டு அனுப்புகிறார்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற 36,000 ரூபாய்க் கிட்டாரும் இதே நிலையில் உங்கள் வாசலில் வந்து இறங்கலாம். உள்ளே முழு மஹோகனி, மேலே முழு ஸ்ப்ரூஸ், அழுத்தினால் அதே கை வலி. அப்படிப்பட்ட கிட்டார்கள் பெட்டியோடு என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

அதனால் முதல் வேலை, இப்போது இருக்கிற கிட்டாரை நல்ல ஆளிடம் கொடுத்து செட்டப் செய்யுங்கள். நான் இதற்கு 1,500 ரூபாய் வாங்குகிறேன், புதுக் கம்பி தனி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் சேடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கணக்கு தெரிந்தவர் தேய்க்கட்டும், நீங்களே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். அப்படியே பத்தில் (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன்) தொடங்கும் மெல்லிய கம்பி செட் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் பன்னிரண்டு செட் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடை அளவுக்குக் கழுத்தையும் மேல்பலகையையும் இழுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய செட் அந்த இழுப்பையும் குறைக்கும், உங்கள் விரலுக்கும் இதமாக இருக்கும். புதிய கிட்டார் வாங்குவதாக இருந்தாலும் இந்தச் செலவு வீண் போகாது. ஒழுங்காக வாசிக்க வருகிற கிட்டார் எப்படி இருக்கும் என்று உங்கள் கைக்குத் தெரிந்த பிறகு கடைக்குப் போவதும், தெரியாமல் போவதும் ஒன்றாகாது.

சரி, மரத்துக்கு வருகிறேன். செட்டப் செய்தாலும் டப்பா சத்தம் முழுதாகப் போகாது. அது மேல்பலகையின் குணம். உங்களுடையது பிளைவுட் மேல்பலகை.

மழைக்காலத்தில் பழைய வீட்டுத் தேக்குக் கதவு உப்பிக்கொண்டு நிலையில் உரசும், கோடையில் தானாகச் சுருங்கிச் சந்து விடும். பார்த்திருப்பீர்கள். மரம் நார் ஓடும் திசையில் அதிகம் நீளாது. நாருக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். பிளைவுட்டில் மெல்லிய தகடுகளை ஒன்றின் நாருக்குக் குறுக்கே இன்னொன்றாக வைத்துப் பசை போட்டு அழுத்துகிறார்கள். ஒரு தகடு விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதனால் பிளைவுட் கிட்டார் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது, எளிதில் வெடிக்காது. ஆனால் அதிரவும் தயங்கும். கிட்டாரில் சத்தத்தை எழுப்புவது கம்பி இல்லை, கம்பி ஆட்டுகிற மேல்பலகைதான். ஸ்ப்ரூஸ் என்பது குளிர் நாடுகளில் மெதுவாக வளரும் ஊசியிலை மரம். எடை குறைவு, அந்த எடைக்கு விறைப்பு மிக அதிகம். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்த ஸ்ப்ரூஸ் பலகை அவ்வளவு பெரிய இழுப்பையும் தாங்கிக்கொண்டு, லேசாகத் தொட்டாலும் அதிரும். பிளைவுட்டுக்கு அந்தக் குணம் வராது. மேல்பலகை முழு மரமாக இருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் அதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் என்ற கைவினைஞர் இருந்தார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவமே அவர் வகுத்துக் கொடுத்ததுதான். 1862இல் அவர் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை நல்ல ஸ்ப்ரூஸ். பின்னும் பக்கங்களும் அட்டை! சத்தத்தின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே அப்படிச் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவில் உள்ள இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் காலத்திலும் ஒரு சோதனை நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது. பின்னும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம், மற்றபடி ஒரே மாதிரியான ஆறு கிட்டார்களை ஒரே பட்டறையில் செய்யவைத்து, 52 கிட்டார் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். எந்த மரம் என்று கண்ணால் தெரிந்துவிடக் கூடாது என்று வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். கிடைப்பதற்கே அரிதான பிரேசில் ரோஸ்வுட்டும் விலை மலிவான சப்பேலியும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கின. அந்த ஆறில் இந்திய ரோஸ்வுட்டும் ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம்தான் அது, தோதகத்தி என்றும் சொல்வோம். 1960களின் கடைசியில் பிரேசில் தன் ரோஸ்வுட்டைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு, அமெரிக்காவின் மார்ட்டின் போன்ற கம்பெனிகளுக்குக் கைகொடுத்தது நம் ஈட்டிதான். அந்தச் சோதனையில் பிளைவுட் சேர்க்கப்படவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பின்பலகையின் மரத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கேட்பவருக்கு இந்தச் சோதனை நிதானத்தைக் கொடுக்கும்.

‘பிளைவுட்’ என்ற சொல்லே நமக்கு மட்டமாகக் கேட்கிறது. அதிலும் நம் ஊரில் ஒரே பலா மரத்தைக் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணைக்கு ஒட்டு வீணையைவிட மதிப்பு அதிகம். அந்த மரியாதையைக் கிட்டாருக்கும் அப்படியே கொண்டுவந்துவிடுகிறோம். ஆல் சாலிட் கிட்டாரும் ஒட்டிச் செய்ததுதான். மேல்பலகை இரண்டு பாதி, பின்பலகை இரண்டு பாதி, பக்கம் இரண்டு துண்டு, உள்ளே தாங்குவதற்கு ஒட்டிய பட்டைகள் ஒரு டஜனுக்கு மேல். விலை உயர்ந்த கிளாசிக்கல் கிட்டார் செய்கிற கைவினைஞர்களில் பலர் பக்கப் பலகையை விறைப்புக்காக வேண்டுமென்றே இரண்டு அடுக்காக ஒட்டுகிறார்கள். டெய்லர் கம்பெனியின் 214சிஇ கிட்டார் உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை. அதிலும் மேல்பலகைதான் சாலிட், பின்னும் பக்கமும் அடுக்குப் பலகை. தட்பவெப்பம் மாறினாலும் தாங்கும் என்பதை அந்தக் கம்பெனியே ஒரு சிறப்பாகச் சொல்லித்தான் விற்கிறது.

முழு மரப் பின்பலகையால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல கையால், நன்றாக உலர்ந்த மரத்தில் செய்த ஆல் சாலிட் கிட்டாரை மடியில் வைத்து வாசித்தால் முழு உடம்பும் அதிர்வது வயிற்றில் தெரியும். கீழ்ஸ்தாயி நின்று ஒலிக்கும். அந்தச் சுகம் உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கிட்டாருக்கு மரம் உலர வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்து இழைக்க வேண்டும், அதற்கும் காலம் வேண்டும். விலையைக் குறைத்த ஆல் சாலிட்டில் அந்தக் காலத்தை எங்கே சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. சிலவற்றில் மேல்பலகை தடிமனாகவே விடப்பட்டிருக்கும், உடையக் கூடாது என்று. சிலவற்றில் கண்ணாடி போலக் கனத்த பாலிஷ் ஏற்றியிருப்பார்கள், அது மரத்தை அதிர விடாது. மரம் அரைகுறையாக உலர்ந்திருந்தால் வாங்கிய முதல் வருடத்திலேயே பலகை கோணும். நன்றாகச் செய்த சாலிட் டாப் கிட்டார் ஒன்று, அவசரமாகச் செய்த ஆல் சாலிட்டைவிட நன்றாக ஒலிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் வீடு. எனக்கு இதுதான் முக்கியம்.

கிட்டார் செய்கிற கம்பெனிகள் பெரும்பாலும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் மரத்தை வைத்து ஒட்டுகின்றன. அதே அளவில்தான் கிட்டாரை வைத்திருக்கவும் சொல்கின்றன. கடலோர ஊரில் 70, 80 சதவீதம் சாதாரணம். அந்தக் காற்றில் முழு மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், பிரிட்ஜ் மேலே எழும்பும், கம்பி உயரும், சத்தம் அடைத்துக்கொள்ளும். நாள்பட்டால் ஒட்டு விடும். ஆல் சாலிட் என்றால் பின்பலகையும் சேர்ந்து இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது. சாலிட் டாப்பில் ஒரு பலகையைக் கவனித்தால் போதும்.

சென்னையில் ஒருவர் ஆசையாக வாங்கிய ஆல் சாலிட் கிட்டாரை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஹாலில் ஸ்டாண்டில் வைத்திருந்தார். கம்பி உயர்ந்துவிட்டது என்று சேடிலைத் தேய்த்துக்கொண்டார். கோடை வந்தது. இரவு பகலாக ஏசி ஓடும் அறைக்கு மாற்றினார். பலகை இறங்கியது, கம்பிகள் ஃப்ரெட்டில் படுத்து இரைந்தன. என்னிடம் வந்தபோது பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே போகும் அளவு ஒட்டு விட்டிருந்தது. பிரிட்ஜைக் கழற்றி மறுபடி ஒட்டி, புதுச் சேடில் வைத்துக் கொடுத்தேன். கிட்டார் பிழைத்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் உங்கள் அறையை ஒரு மாதம் அளந்து பாருங்கள். டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மலிவானவை பொய் சொல்லும், அதைச் சரிபார்க்க உப்பு ஊர்க்காரரான உங்களுக்கு வழி கைவசமே இருக்கிறது. ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடி, ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். காலையில் கருவி 70 காட்டினால் அது 5 குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ படித்தால் போதும்.

அப்புறம் அந்த காங்கிரீட் தளம். வெயில் காலத்தில் மாடி அறை அடுப்பு மாதிரி ஆகும். கிட்டாரை வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், பரணில் போட வேண்டாம், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம்கூட வைக்க வேண்டாம். சூடு ஏறினால் பசை இளகி பிரிட்ஜும் கழுத்தும் இடம் மாறும். மெத்தென்ற துணிப்பைக்குப் பதில் கெட்டியான பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, கட்டிலுக்கு அடியிலோ உள்சுவர் பக்கம் அலமாரியிலோ வைத்தால் கடலோர வீட்டிலும் சமாளிக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் வைத்துச் சூடாக்கி மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம். இதைச் சலிக்காமல் செய்வீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணெதிரே ஸ்டாண்டில் இருந்தால்தான் எடுத்து வாசிப்பேன், பெட்டிக்குள் போனால் மறந்துவிடுவேன் என்கிற ஆளாக இருந்தால் ஆல் சாலிட் உங்களுக்கு வேண்டாம். வாசிப்பது அதைவிட முக்கியம்.

உப்புக் காற்று மரத்தை மட்டும் பிடிப்பதில்லை. கம்பி துருப்பிடிக்கும், டியூனிங் கீ இறுகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து வையுங்கள். மேல்பூச்சு உள்ள கம்பி விலை அதிகம்தான், ஆனால் உங்கள் ஊரில் அந்தக் காசு திரும்பி வரும்.

மாஸ்டர் சொன்ன ‘திறந்துகொள்ளும்’ விஷயம். அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப்போய் வாங்குவது சும்மா இல்லை. பல பத்தாண்டுகள் உத்தரத்தில் கிடந்து உலர்ந்த மரத்தின் நாதம் வேறு. ஸ்ப்ரூஸ் மேல்பலகை உள்ள புதுக் கிட்டார் சில மாதம் நன்றாக வாசிக்கப்பட்ட பிறகு இறுக்கம் தளர்ந்து ஒலிப்பதை நானும் உணர்ந்திருக்கிறேன். அதில் மரம் எவ்வளவு, பழகிய கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் மாஸ்டர் சொல்லும் அந்தக் குணம் சாலிட் டாப்பிலும் உண்டு, ஏனென்றால் திறந்துகொள்ளும் பலகை அதுதான். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: இன்றைக்கு மந்தமாக ஒலிக்கிற கிட்டார் ஐந்து வருடம் கழித்துப் பாடும் என்று நம்பி நான் யாருக்கும் வாங்கச் சொன்னதில்லை.

என் முடிவு இதுதான். கையில் எடுத்துப் பார்க்காமல் அந்த 36,000 ரூபாய்க் கிட்டாரை வாங்க வேண்டாம். உங்கள் ஊருக்கும் வீட்டுக்கும், நண்பர் சொன்ன சாலிட் டாப் பொருத்தமாக இருக்கும். யமஹா எஃப்ஜி800, கார்ட் எர்த் 70 இரண்டும் அந்த வகை. கடையில் கேட்கும்போது வார்த்தையைக் கவனியுங்கள். ‘ஸ்ப்ரூஸ் டாப்’ என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் தகடு ஒட்டிய பிளைவுட். ‘சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்’ என்று தெளிவாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் நார்க்கோடுகள் விளிம்பில் வளைந்து அப்படியே உள்ளே இறங்கினால் முழு மரம், அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பின்பலகைக்கு, வெளியே ஒரு கருங்கோட்டையோ முடிச்சையோ குறித்துக்கொண்டு துளை வழியே டார்ச் அடித்து உள்ளே அதே இடத்தில் தேடுங்கள். பிளைவுட்டில் உள்பக்கத் தகடு வேறு, கோடு பொருந்தாது.

மதுரைக்கோ சென்னைக்கோ ஒரு நாள் போய் வாருங்கள். அந்த ஸ்டீல் ஸ்கேலும், ஃப்ரெட் வரிசையின் முழு நீளத்துக்கும் வரும் நேரான பட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். பட்டையை ஃப்ரெட்களின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை தள்ளினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் வந்து உட்கார வேண்டும், கொஞ்சம் மேலே போனாலும் சரி. பிரிட்ஜின் முகத்தில் போய் இடித்தால் கழுத்தின் கோணம் தப்பு. அதைச் சரிசெய்யக் கழுத்தையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டும், இந்த விலைக் கிட்டாருக்குக் கட்டுப்படியாகாத வேலை. அப்படிப்பட்டது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் கீழே வைத்துவிடுங்கள். சேடில் பிரிட்ஜுக்கு மேல் ஒரு 3 மில்லிமீட்டராவது தெரிய வேண்டும். அது இல்லை என்றால் நாளைக்குத் தேய்க்க இடம் இருக்காது.

ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பதினான்கு வரை அழுத்தி வாசியுங்கள், எங்காவது இரைகிறதா, சுரம் செத்துப்போகிறதா என்று. அதன் பிறகு உங்கள் நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். சாலிட் டாப் இரண்டு மூன்று, கடையில் இருந்தால் ஆல் சாலிட் ஒன்றிரண்டு, பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். கண் மூடிய நிலையில் ஒரு ஆல் சாலிட் கிட்டார் திரும்பத் திரும்ப உங்களை இழுத்து, கழுத்துக் கோணமும் சரியாக இருந்து, ஒரு மாதம் அளந்து பார்த்ததில் உங்கள் அறையில் வைத்த பெட்டிக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் என்றும் தெரிந்திருந்தால், அப்போது அதையே வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். இல்லையென்றால் சாலிட் டாப்பை வாங்கிக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் கெட்டிப் பெட்டியும் செட்டப்பும் ஒரு வருடத்துக்கான கம்பியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிட்டாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்றே செட்டப்புக்குக் கொடுக்காதீர்கள். கடையில் ஏசி ஓடியிருக்கும், உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். பழகிய பிறகு ஆக்‌ஷனை மறுபடி அளந்து, கடையில் அளந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டு அளவுகளையும், பிரிட்ஜைப் பக்கவாட்டில் இருந்து எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சேடிலில் கை வைக்கலாமா, ஜெல் பையை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.